கையைக் கீழே இறக்கக் கூடாது

ஆபரேஷன் தியேட்டரில் கை கழுவி, கவுனும் கையுறையும் மாட்டிக்கொண்ட பிறகு ஒரு சட்டம் உண்டு. கை இடுப்புக்குக் கீழே இறங்கக் கூடாது. சுத்தப்படுத்தாத எதையும் தொடக் கூடாது, தொட்டால் வெளியே. மூக்கு அரித்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். தாம்பரம் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் இருந்த எங்கள் கல்லூரியில், முதல் வருஷத்திலிருந்தே எனக்கு அந்தச் சட்டத்தின் மேல் ஒரு பக்தி. சர்ஜன் ஆவதைத் தவிர எனக்கு வேறு ஆசையே கிடையாது.

படிப்பு முடிந்து ஹவுஸ் சர்ஜனாக, அதாவது பயிற்சி டாக்டராக, அறுவைப் பிரிவுக்குப் போனேன். எங்கள் சீஃப் பையன்களுக்குத் தையல் போடக் கொடுப்பார். பெண்களுக்கு ரிட்ராக்டர், அதாவது திறந்த வயிறு மூடிக்கொள்ளாமல் இழுத்துப் பிடிக்கும் கொக்கி. நாளைக்குக் கரண்டி பிடிக்கப் போகிற கைதானே என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துத் தொலைத்திருக்கிறேன்.

கொக்கி பிடிப்பவள் அவரை ஒட்டித்தான் நிற்க வேண்டும். முதலில் அவர் முழங்கை மேலே பட்டது. இடம் போதவில்லை என்று நகர்ந்தேன், அவரும் நகர்ந்தார். நாளாக ஆக அந்த முழங்கை என் மார்பிலேயே வந்து தங்கியது. என் இரண்டு கையும் ஒருத்தியின் வயிற்றுக்குள் இருக்கும். விட்டால் அவளுக்கு ஆபத்து, தள்ளினால் சட்டம் உடையும். அந்த ஆள் அது தெரிந்துதான் செய்தார் என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன்.

ஒரு நாள் காலையில் கொக்கியை எதிரே நின்ற என் வகுப்புத் தோழனிடம் கொடுத்துவிட்டு, கையை இறக்கி அவரைத் தள்ளினேன். அவர் பதறவே இல்லை.

"அன்ஸ்டெரைல். வெளிய போம்மா."

போனேன். அன்றே புகார் கொடுத்தேன். விசாரணைக் குழு தியேட்டரில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்டது. தோழன் வண்டலூரிலிருந்து தினமும் என்னோடு ரயிலில் வருகிறவன். என் கையிலிருந்து கொக்கியை வாங்கியவனும் அவன்தான். அவன் என் முகத்தைப் பார்க்காமல் குழுத் தலைவியிடம் சொன்னான்.

"ஆபரேஷன் நடக்கும்போது நான் பேஷன்டைத்தான் மேடம் பாத்துட்டிருந்தேன்."

மற்றவர்களும் அதையே சொன்னார்கள். நான் கையை இறக்கியது மட்டும் அத்தனை பேர் கண்ணிலும் பட்டிருந்தது. புகாருக்கு ஆதாரம் இல்லை என்று முடித்துவிட்டு, விதியை மீறியதற்காக எனக்கு அதே பிரிவில் கூடுதல் நாட்கள் போட்டார்கள். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியாது. இங்கே கொட்டு வாங்கியவள்தான் திருடி.

மூத்த சிஸ்டர் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தியேட்டர் பக்கமே வராத கண்ணு. வார்டு டூட்டி கேட்டு வாங்கிக்கோ. நாங்கல்லாம் அப்டித்தான் காலம் தள்ளிக்கினு கீறோம்."

கேட்டேன், உடனே கொடுத்தார்கள். மிச்ச நாளெல்லாம் வார்டில் புண்ணுக்குக் கட்டு மாற்றினேன்.

மேற்படிப்புக்கு இடம் தேர்வு செய்தபோது என் ரேங்குக்கு சர்ஜரி கிடைக்கும் நிலைமைதான். தியேட்டரை நினைத்தாலே உடம்பு கூசியது. தோல் மருத்துவத்தை எடுத்தேன். மேடவாக்கத்தில் அப்பா அபார்ட்மென்ட் முழுக்க லட்டு கொடுத்தார். நைட் டூட்டி இல்லை, பெண்ணுக்கு ஏற்ற படிப்பு என்று அத்தை என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். பள்ளிக்கூட நாளிலிருந்து சர்ஜன் சர்ஜன் என்று நான் கத்தியதைக் கேட்ட வீடு அது. ஏன் மாற்றிக்கொண்டாய் என்று அங்கே ஒருவர்கூடக் கேட்கவில்லை.