இடது பக்கத்து ஈரம்

சென்ற வாரம் என் வண்டியை சர்வீசுக்கு விட்டிருந்ததால் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு வாடகைக் காரில் போக வேண்டியிருந்தது. முந்தைய நாள் நல்ல மழை. முன் கதவைத் திறந்ததுமே அந்த வாடை வந்தது. காலடியில் ஓட்டுநர் செய்தித்தாளை விரித்திருந்தார். அதில் ஏதோ நகைக்கடை விளம்பரத்துப் பெண்ணின் முகம் நனைந்து உப்பியிருந்தது. நான் யோசிக்காமலேயே இரண்டு கால்களையும் தூக்கி, குதிகாலை மட்டும் கதவோரத்து மேட்டில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"பழகின ஆளாட்டம் உக்கார்றீங்களே சார்" என்றார் ஓட்டுநர்.

பழகின ஆள்தான். அந்த வாடையை எங்கே கண்டாலும் எனக்கு அடையாளம் தெரியும். மாம்பழக் கூழ் ஆலைக்குப் பின்னால் நனைந்து கிடக்கும் சாக்கு, மழையில் வந்து வாசலில் படுத்த நாய், மூடி வைத்து மறந்த டிபன் டப்பா, இந்த மூன்றையும் சேர்த்து அதன்மேல் கொஞ்சம் ஊதுபத்தி வாசனையைத் தெளித்தால் எப்படியிருக்கும், அப்படியிருக்கும். ஊதுபத்தி எதற்கென்றால், கார்பெட் நனையும் வண்டிக்காரர்கள் எல்லோருமே முதலில் வாசனைப் பொருளைத்தான் வாங்குவார்கள். நானும் வாங்கினேன்.

"மழத்தண்ணி சார். எங்கேருந்து வருதுன்னே தெரியல. காட்டாத மெக்கானிக் இல்ல" என்றார் அவர்.

"வண்டிய எங்க நிறுத்துவீங்க?" என்று கேட்டேன்.

"வீட்டாண்ட புங்க மரத்தடியிலதான் சார். வெயில் படாதில்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் என் பழைய வண்டியைப் பற்றிச் சொன்னால்தான் அது உங்களுக்குப் புரியும்.

வெள்ளை நிறம். பெங்களூரில் ஓய்வுபெற்ற ஒரு வங்கி அதிகாரியிடம் வாங்கியது. அவர் எல்லா ரசீதையும் தேதிவாரியாக ஒரு கோப்பில் அடுக்கி வைத்திருந்தார். வண்டியைவிட அந்தக் கோப்பைப் பார்த்துத்தான் நான் வாங்கினேன் என்று என் மனைவி இன்றும் சொல்வாள். நான் கொஞ்சம் ஒழுங்கு பார்க்கிற ஆள். அன்றாடம் நாட்குறிப்பு எழுதுகிறவன். என் மேசையில் பேனா எந்தப் பக்கம் பார்த்துப் படுக்க வேண்டும் என்பதற்குக்கூட ஒரு விதி உண்டு. இப்படிப்பட்டவனுக்கு நண்பர்கள் எளிதில் அமைவதில்லை. எனக்கு அமைந்தவர்கள் இருவர். இருவரும் அந்த வண்டியில் அமைந்தவர்கள்.

ஒருவர் இக்பால் பாய், எங்கள் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவு. கிருஷ்ணகிரிக்காரர். இன்னொருவன் முத்துப்பாண்டி, மெஷின் ஷாப். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து, வாடகை குறைவு என்று கிருஷ்ணகிரியில் குடியிருந்தான். நாங்கள் மூவரும் காலை ஷிப்டுக்குச் சேர்ந்து போய்ச் சேர்ந்து திரும்புவோம். மேலுமலையில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே உலகத்தை மொத்தமாக அலசிவிடுவோம். சூளகிரியில் டீ. வீட்டில் நான் பேசுவதைவிட அந்தச் சாலையில் பேசியது அதிகம். அதனால்தான் தண்ணீர் வரத் தொடங்கியபோது எனக்குக் கார்பெட்டைவிட அவர்களைப் பற்றித்தான் கவலை. கம்பெனி பஸ் ஒன்று தினமும் ரவுண்டானாவில் வந்து நின்றுகொண்டிருந்தது. அதில் ஈரம் கிடையாது.

முதலில் கண்டுபிடித்தது பாண்டி. ஒரு திங்கட்கிழமை முன்னால் இடது பக்கத்தில் ஏறி உட்கார்ந்தவன், காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, உங்க வண்டிக்குள்ள குளம் வெட்டியிருக்கியளா?" என்றான்.

கார்பெட்டை அழுத்தினால் நுரையோடு தண்ணீர் மேலே வந்தது. கதவை யாரோ சரியாகச் சாத்தவில்லை என்று முடிவு செய்தோம். அடுத்த மழைக்கு நானே சாத்தினேன். அப்போதும் குளம்.

இங்கே என் வேலையைச் சொல்லியாக வேண்டும். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நான் தொழிற்சாலையில் லீக் டெஸ்ட் பிரிவின் பொறுப்பாளன். அலுமினிய வார்ப்புகளின் வாய்களையெல்லாம் அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்ப்போம். எங்கிருந்தாவது குமிழி கிளம்பினால் அந்த வார்ப்பு தள்ளுபடி. ஊசிமுனை ஓட்டையும் என் கண்ணுக்குத் தப்பாது என்று பெயர். அப்படிப்பட்டவன் வண்டியில் தண்ணீர் என்ற செய்தியை இக்பால் பாய் கேன்டீன் வரைக்கும் கொண்டுபோனார். பிறகு என்னைக் கண்டவர்கள் எல்லாம் முதலில் என் காலைப் பார்த்தார்கள்.

மெக்கானிக்குகளிடம் போனேன். எஞ்சின் பார்ப்பவர் இது பாடி வேலை என்றார். பாடி பார்க்கும் டிங்கர் இது கண்ணாடி வேலை என்றார். கண்ணாடிக்காரர் முன் கண்ணாடியைச் சுற்றிக் கறுப்புப் பசையைப் பிதுக்கி, "இனிமே கடல்ல இறக்கலாம் சார்" என்று கைகழுவினார். அன்று மாலையே மழை. கடல் வண்டிக்குள் இறங்கியது. திரும்பப் போய்க் கேட்டால், "அப்ப ஏசி தண்ணியா இருக்கும். ஏசி கடையில காட்டுங்க" என்று தெலுங்கிலும் கன்னடத்திலும் தமிழிலும் மாற்றி மாற்றிச் சொன்னார். ஏசிக்காரர் குழாயில் காற்றடித்துச் சுத்தம் செய்துவிட்டு, "ஏசி பக்காவா இருக்குது சார். டோர் பீடிங்குதான்" என்றார். பீடிங் என்பது கதவைச் சுற்றியுள்ள ரப்பர். ஒவ்வொருவரும் அடுத்தவர் கடையைக் கைகாட்டினார்கள். ஓசூர் பாகலூர் சாலையில் நான் ஏறி இறங்காத ஷெட் இல்லை என்று ஆயிற்று.

எனக்கு வந்த எரிச்சலை என்னவென்று சொல்ல. தண்ணீர் எந்தப் பக்கம் வருகிறது என்று தெரிந்தால் கோபித்துக்கொள்ள ஓர் இடமாவது இருக்கும். வெயில் காலத்தில் எல்லாம் காய்ந்து, சரியாகிவிட்டது என்று நம்ப வைக்கும். மழை வந்ததும் மறுபடி.

இதற்கிடையில் நண்பர்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். முன்னால் இடது பக்கத்துக்குத் 'தண்ணி சீட்' என்று பெயர். ஒரு வாரம் பாண்டி, ஒரு வாரம் பாய். தண்ணி சீட்டில் உட்காருகிறவர் ஷூவைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். எஃகு வைத்த கனமான சேஃப்டி ஷூ, குழந்தையைப் போல மடியில் இருக்கும். பாய் ஸ்டோர்ஸிலிருந்து பழைய செய்தித்தாள் கொண்டுவந்து விரிப்பார். விரித்ததைக் குனிந்து படித்தபடி வருவார்.

"ராயக்கோட்டையில தக்காளி வெல ஏறிடுச்சாம் சார்."

"அது போன மாசத்துப் பேப்பர் பாய்."

"அதான் நனைஞ்சு போச்சு" என்பார்.

சிரிப்போம். ஆனால் நான் ஓரக்கண்ணால் அவர் கணுக்காலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தொழிலை வண்டியிடமே காட்டுவது என்று முடிவெடுத்தேன். கண்ணாடிகளை ஏற்றி, வெளிக்காற்றை உள்ளே இழுக்கும்படி வைத்து, விசிறியை முழு வேகத்தில் ஓட விட்டேன். உள்ளே காற்று நிறைந்ததும் வெளியே இடுக்கு இடுக்காகச் சோப்பு நுரையைத் தடவிக்கொண்டு வந்தேன். மனைவி வாசலில் நின்று பார்த்தாள்.

"ஏங்க, ஆயுத பூஜைக்கு இன்னும் நாள் இருக்குதே" என்றாள்.

இடது கதவின் கீழ் மூலையில் குமிழி கிளம்பியது. அழகான குமிழி. வேலையில்கூட ஒரு குமிழிக்கு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. மறுநாளே பீடிங்கை மாற்றினேன். வண்டியில் அவர்களிடம் குமிழியைப் பற்றி ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். சில நாட்கள் கழித்து வேலை முடிந்து திரும்பும்போது கொட்டு கொட்டென்று கொட்டியது. சூளகிரி தாண்டுவதற்குள் காலடியில் தண்ணீர் ஏறிவிட்டது. பிறகு பாண்டி, அவன் வாரம் அது, மெதுவாக ஷூ முடிச்சை அவிழ்த்து ஷூவை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். கேலியாவது செய்திருக்கலாம்.

கடைசியாகக் கார்பெட்டையே பெயர்த்து எடுத்தேன். இருக்கைகளைக் கழற்றி, மொத்தமாக உருவி, மொட்டைமாடிக்குத் தூக்கிப் போனோம். நனைந்த கார்பெட்டின் கனம் தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கீழே ஒட்டியிருந்த பஞ்சு ஊறி, மக்கி, கையோடு வந்தது. கைப்பிடிச் சுவரில் போட்டால் வண்டியின் மேடு பள்ளங்களோடு அப்படியே விறைத்து நின்றது. பக்கத்து வீட்டில் என்ன விலங்கு என்று கேட்டார்கள். பஞ்சை மட்டும் உரித்துத் தூர எறிந்தேன்.

கார்பெட் இல்லாமல் சில வாரம் ஓட்டினோம். தண்ணீர் வந்தால் துணியால் துடைத்துவிடலாம், அந்த வசதி இருந்தது. ஆனால் ஒன்றை நான் எதிர்பார்க்கவில்லை. சாலையின் இரைச்சல் முழுக்க உள்ளே வந்துவிட்டது. தகரத்தில் கல் தெறிக்கும் சத்தம், டயர் சத்தம், பக்கத்தில் போகும் லாரியின் சத்தம். பின்னால் இருப்பவர் சொல்வது முன்னால் கேட்கவில்லை.

"என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி."

கத்திப் பேசும் விஷயங்களா நாங்கள் பேசியவை. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றே பல நாள் ஓசூர் வந்து சேர்ந்தோம். பயந்து போய்ப் பழைய கார்பெட்டையே திரும்பப் போட்டேன். பஞ்சு இல்லாததால் பாதி இரைச்சல் அப்படியே இருந்தது. வாடை முழுசாகத் திரும்பி வந்தது.

முதலில் இறங்கியது பாண்டி. கால் விரல் இடுக்கில் அரிப்பு என்று டாக்டரிடம் போயிருக்கிறான். வந்து சொன்னான்: "எங்கய்யா வாழ்நாள் பூரா வயக்காட்டுத் தண்ணியில நின்னாரு. அவருக்கு வரல. எனக்குக் கார்ல உக்காந்து சேத்துப்புண்ணு. ஊர்ல சொன்னா நம்புவானுவளா அண்ணாச்சி?" சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அந்த மாதமே பைக் வாங்கிவிட்டான். சாலையில் எங்களைத் தாண்டும்போது கையைத் தூக்கிக் காட்டுவான். கொஞ்ச நாளில் ஊர்ப்பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டான்.

இக்பால் பாய் வாடையைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. ஒரு வியாழக்கிழமை இறங்கும்போது, "வெள்ளிக்கிழம மட்டும் நான் பஸ்ல வந்துக்கறேன் சார்" என்றார். வெள்ளிக்கிழமை மதியம் அவர் தொழுகைக்குப் போகும் நாள். சலவைச் சட்டையும் பேண்டுமாக வருவார். கால்சட்டை ஓரத்தில் என் வண்டியின் தண்ணீரோடு பள்ளிவாசலுக்குள் எப்படிப் போவார். "தாராளமா பாய்" என்றேன். பிறகு மழை நாட்களிலும் பஸ் என்றாயிற்று. பிறகு எது மழை நாள், எது மழையில்லாத நாள் என்று பார்ப்பதும் நின்றுபோனது. அத்திப்பள்ளியில் ஒரு கம்பெனிக்கு அவர் மாறிப் போனபோது விடைபெற்றுக்கொள்ள என் பிரிவுக்கு வந்தார். தொட்டியில் ஒரு வார்ப்பு முங்கிக் கிடந்தது. இருவரும் குமிழியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இப்போது அந்த ஓட்டுநரின் புங்க மரத்துக்கு, எனக்கு வந்த சிரிப்புக்கு வருகிறேன்.

எங்கள் தொழிற்சாலையின் வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் இருந்தது. நிழலென்றால் அது ஒன்றுதான். ஷிப்டு முடிந்து வரும்போது வெயிலில் நின்ற வண்டி அடுப்பாகியிருக்கும், பாய் தலையைப் பிடித்துக்கொள்வார். அதனால் அந்த நிழலைப் பிடிப்பதற்காகவே நாங்கள் சீக்கிரம் கிளம்புவோம். முந்தி வந்து அங்கே நிறுத்துவதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. கூரையில் விழும் பொடி இலைகளைத் தினமும் தட்டி விடுவேன்.

அவர்கள் இருவரும் போனபிறகும் நான் பழக்கத்தில் அங்கேயே நிறுத்தினேன். பிறகு கொட்டகை போட்டுச் சோலார் தகடு வைப்பதற்காக மரத்தை வெட்டினார்கள். அதற்கடுத்த கோடையில் வைப்பர் மோட்டார் பழுதாகி, பானட்டுக்கும் கண்ணாடிக்கும் இடையில் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் மூடியைக் கழற்ற வேண்டியிருந்தது. அடியில் அந்த மரம் இருந்தது. வருடக்கணக்கான பொடி இலை, பூவின் இழை, காய்ச்சிதறல், எல்லாம் மக்கிக் கறுத்து, மண்ணாகவே ஆகி, தண்ணீர் வடிகிற ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருந்தது. நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு செடி, இரண்டு இலையோடு. பெருமழையில் அங்கே தேங்கும் தண்ணீர், வெளிக்காற்று உள்ளே நுழையும் வாய் வழியாக இடது பக்கம் வழிந்திருக்கிறது. அன்று நான் காற்றை உள்ளே இழுத்ததும் அதே வாய் வழியாகத்தான். காற்று வெளியே போகும் வழிகளையெல்லாம் நுரை தடவித் தேடினேன். உள்ளே வரும் வழியைத் தேடத் தோன்றவில்லை.

பாய்க்குப் போன் செய்தேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"செடியா?"

"ஆமா பாய், செடி."

"நாங்க எறங்கிட்டோம்ல. எடம் காலியா இருந்திருக்குது" என்றார். பிறகு, "இப்ப காய்ஞ்சிருக்குதா சார்?" என்று கேட்டார்.

"சுத்தமா காய்ஞ்சிருக்கு. ஒரு நாள் வாங்க, சூளகிரி வரைக்கும் போய் டீ குடிச்சிட்டு வரலாம்."

"வரேன் சார். கண்டிப்பா வரேன்."

அதற்குள் தரைத்தகடு துருவேறி, காலடியில் சாலை தெரிகிற அளவுக்கு ஆகிவிட்டிருந்தது. வண்டியைப் பழைய இரும்பு எடுக்கிறவர் வந்து இழுத்துப் போனார். இன்று அந்த மரமும் இல்லை. சூளகிரி டீக்கடை சாலை அகலப்படுத்தியதில் போய்விட்டது. பாய் இன்னும் வரவில்லை.

இப்போது புது வண்டி. ஒரு சொட்டு உள்ளே வராது. சத்தமும் வராது. ஒரே ஒரு தொல்லை உண்டு. பக்கத்து இருக்கையில் கனமாக எதையாவது வைத்தால், ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்து, பெல்ட் போடச் சொல்லிக் கத்திக்கொண்டே இருக்கும். என் சாப்பாட்டுப் பையும் தண்ணீர் பாட்டிலும் அந்தக் கனத்துக்குப் போதும். சர்வீசில் சொன்னேன், பையைக் கீழே வைக்கச் சொன்னார்கள். இடது பக்கத்துக் கார்பெட்டில் எதையும் வைக்க எனக்கு இன்னும் மனம் வருவதில்லை.

அதனால் தினமும் காலையில் சாப்பாட்டுப் பைக்குப் பெல்ட் மாட்டிவிட்டுக் கிளம்புகிறேன்.