கடைசியில் ஊற்றும் சூப்பு

அந்தச் சிரட்டைக் கிண்ணத்தில் சூப்பு ஆறிக் கிடந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு யோசனை பளிச்சிட்டது. செங்கலடிச் சந்தியில் என் அக்காவின் கணவர் யப்பான் சாப்பாட்டுக்கடை திறந்த முதல் கிழமை. வயல் வட்டையில் வேலை முடித்து வந்த மூன்று பேர் சோற்றையும் பொரித்த வாவிமீனையும் ஒரு பிடி பிடித்தார்கள். சோயா அவரையைப் புளிக்கவைத்த களியைக் கரைத்து அத்தான் காய்ச்சிய சூப்பை மட்டும் தொடவில்லை. அது ஆறி மண்டி அடியில் தங்கிய பிறகு, மிச்சச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து, ஒரு வாய் வைத்து முகம் சுளித்தார்கள்.

“சூடா இருக்கக்க குடிக்கோணும் அண்ணன், ஊத்தப்படாது,” என்று அத்தான் கெஞ்சினார்.

“சொதிய எப்ப ஊத்துறதெண்டு எங்களுக்கே படிப்பிக்கிறியா தம்பி? உன்ட யப்பான் சொதியில பாலும் இல்ல, புளியும் இல்ல!” என்றார் ஒருவர். மற்ற இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அத்தான் யப்பானில் ஒரு தெருமுனைக் கடை அடுக்களையில் பல வருடம் நின்றவர். நாட்டில் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே, இனிப் பிரியமாட்டேன் என்று அக்காவுக்கு வாக்குக் கொடுத்து ஊர் திரும்பியவர். கடை ஓடாவிட்டால், பழைய முதலாளி கூப்பிட்டபடி மறுபடியும் போகவேண்டும். அக்கா வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். சோதனைச் சாவடியில் பொழுது சாயமுன்னமே பாதையை அடைத்துவிடுவார்கள் என்பதால் இராச்சாப்பாட்டு வியாபாரமும் கிடையாது. வெல்வதென்றால் மத்தியானத்தில்தான் வெல்லவேண்டும்.

வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் படித்துக்கொண்டிருந்த எனக்குப் பொறுமை எப்போதும் குறைவு. அவர்கள் சூப்பை வெறுக்கவில்லை, சாப்பாட்டின் கடைசியில் சோற்றில் ஊற்றும் தேங்காய்ப்பால் சொதியாக எடுத்து அதற்குரிய நேரத்துக்குக் காத்திருந்தார்கள் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. அடுக்களைக்குள் ஓடினேன்.

“அத்தான், கடைசியிலயே குடுப்பம். பால் விட்டு, தேசிக்காய் புளிஞ்சு.”

“உனக்கு விசரா மச்சாள்? என்ட முதலாளி கண்டாரெண்டா வெட்டிப் போட்டிருவார்.”

“அவர் என்ன, செங்கலடிக்கா வரப்போறார்?” என்ற அக்கா என் பக்கம் திரும்பி, “நீ தேங்காயத் துருவுகா,” என்றாள்.

அடுத்த நாள், பகிடி பண்ணவென்றே அதே மூவரும் வந்தார்கள். பாதிச் சோறு முடியும்வரை விட்டுவைத்து, கொதிக்கக் கொதிக்கச் சிரட்டைக் கிண்ணத்தில் கொண்டுபோய் ஊற்றி, கிண்ணத்தை அருகில் வைத்தேன். முதல்நாள் வாயடித்தவர் பிசைந்தார், விரலை நக்கினார், நிமிராமலே கிண்ணத்தை நீட்டினார்.

“மறுகாவும் கொஞ்சம் ஊத்துகா பிள்ள.”

கதவுக்குப் பின்னால் அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். கூட்டம் அதன்பின் குறையவில்லை. ஒருநாள் அத்தான் சைக்கிளை எடுத்துக்கொண்டு தொலைபேசிக் கடைக்குப் போய், வரமாட்டேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்தார்.

இப்போது கொழும்பில் யப்பான் கடைகளுக்குப் போனால், முதலில் வரும் சூப்பை என் கை தானாகவே ஓரமாகத் தள்ளிவைக்கும். பால் விட்டது பிழை என்று அத்தான் இன்றைக்கும் வாதாடுகிறார். வாதாடிக்கொண்டே இரண்டாம் கிண்ணம் கேட்கிறார்.

அந்தச் சிரட்டைக் கிண்ணம் இப்போது பெரியகல்லாற்றில், நான் திறக்கப்போகும் கடையின் அடுக்களையில் இருக்கிறது. நாளை மத்தியானம் வாவி நண்டை அவித்த தண்ணீரில் அதே களியைக் கரைத்து, முருங்கையிலை போட்டுப் பார்க்கப் போகிறேன். சோறு பாதி முடிந்த பிறகுதான் ஊற்றுவேன்.