இருபது நிமிடத்துக்கு ஒரு பெயர்

என் ஓரகத்தியின் பிள்ளை இருபது நிமிடம் உயிரோடு இருந்தது. என் பிள்ளைக்கு ஒரு நிமிடமும் கிடைக்கவில்லை. அந்த இருபது நிமிடத்தின் மேல் எனக்கு இருந்த பொறாமையை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மலேசியாவில், செனாய் என்ற ஊரில் நாங்கள் அடுத்தடுத்த வீட்டில் இருந்தோம். அவள் என் கணவருடைய தம்பியின் மனைவி. எனக்கு அப்போது முப்பத்தேழு வயது, அவளுக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஒரே வருடத்தில் இரண்டு பேரும் உண்டானோம்.

முதலில் என்னுடையது. ஒன்பதாவது மாதம். காலையில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது நன்றாக உதைத்தாள். சாயங்காலம் அசைவு இல்லை. மறுநாள் ஆஸ்பத்திரியில் பிறந்தாள். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. தலை நிறைய முடி. நகம் வெட்டிவிடலாம் போல வளர்ந்திருந்தது. எல்லாம் இருந்தது, அழுகை மட்டும் இல்லை.

நான் யாரையும் கேள்வி கேட்கிறவள் இல்லை. அன்றைக்கு மட்டும், பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டிருந்த தமிழ் நர்ஸ் மிஸ்ஸியிடம் கேட்டேன்.

“மிஸ்ஸி, நேத்து காலையில உதைச்சாளே. அத எழுத முடியாதா?”

“வயித்துக்குள்ள நடந்தது இதுல சேராதும்மா. வெளிய வந்த பிறகு ஒரு மூச்சாவது விட்டிருக்கணும். இல்லாட்டி நெஞ்சு துடிச்சிருக்கணும், தொப்புள்கொடி துடிச்சிருக்கணும், கை கால் தானா அசைஞ்சிருக்கணும். ஏதாச்சும் ஒன்னு இருந்தாலும் உயிரோட பொறந்ததுன்னு போட்டுருவோம்.”

“ஒன்னுமே இல்லையா?”

“இல்லம்மா. நல்லா பார்த்தோம்.”

பிறகு கணவரிடம் ஒரு தாள் கொடுத்தார்கள். என் பெயர், அவர் பெயர், பெண், எடை, நேரம். இறந்து பிறந்தது என்று மலாயில் போட்டிருந்தது. பிள்ளையின் பெயருக்கு அதில் இடம் இல்லை. நாங்கள் இரண்டு மாதம் முன்பே பெயர் பார்த்து வைத்திருந்தோம். கணவரும் அவர் தம்பியும் போய் அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். தாளை அலமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன்.

மூன்று மாதம் கழித்து ஓரகத்திக்கு வலி கண்டது. அவளுக்கு ஆறு மாதம்கூட முடியவில்லை. அவள் கணவர்தான் போன் செய்தார்.

“அண்ணி, பையன். இருபது நிமிஷம் நெஞ்சு துடிச்சிச்சு. அப்புறம் நின்னுருச்சு.”

நான் அழுதேன். அது பொய் அழுகை இல்லை. ஆனால் அழுதுகொண்டே ஒன்றை நினைத்தேன்: அப்படியென்றால் அவனை எழுதிக்கொள்வார்கள்.

எழுதிக்கொண்டார்கள். பிறப்புப் பத்திரம் ஒன்று, இறப்புப் பத்திரம் ஒன்று. அவள் இரண்டையும் எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக என்னிடம் வந்தாள்.

“அக்கா, நீங்க பாரம் ஃபைவ் வரைக்கும் படிச்சவங்க. பேரு எழுத்து சரியா இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்களேன்.”

சமையலறை மேசையில் வைத்துப் படித்தேன். பிள்ளையின் பெயர், அப்பா பெயர், பிறந்த நேரம். ஓர் எழுத்தும் தப்பில்லை. உள்ளங்கையில் அடங்கும் பிள்ளைக்கு ஒரு வரி முழுக்கப் பெயர். இரண்டு கைகளில் கனக்கக் கிடந்த என் மகளுக்கு ஒன்றும் இல்லை.

“இருபது நிமிஷத்துக்கு இவ்ளோ நீளப் பேரா?” என்றேன்.

விளையாட்டாகச் சொன்ன மாதிரிதான் சொன்னேன். அவள் தாள்களை என் கையிலிருந்து வாங்கி, பிளாஸ்டிக் உறைக்குள் மெதுவாகச் செருகினாள்.

“எழுத்து சரியா இருக்குல்ல. அது போதும்.”

அதற்குப் பிறகு அவள் பின்வாசல் வழியாக வரவில்லை. முன்கேட்டில் நின்று கூப்பிடுவாள், வந்த வேலையைச் சொல்லிவிட்டுப் போய்விடுவாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் பொறாமையையும் சொல்ல வேண்டி வரும். ஒரு முறை அவள் கணவர் சிங்கப்பூர் வேலைக்கு மனுப் போட்டபோது, வீட்டுத் தாள்களை எல்லாம் தரையில் பரப்பி வைத்திருந்தாள். கல்யாணப் பத்திரத்துக்கு அடுத்து பையனின் பிறப்புப் பத்திரம் இருந்தது. அவர்கள் குடும்பத் தாள்களோடு ஒன்றாக.

இரண்டு வருடத்தில் நான் மறுபடி உண்டானேன். அவளுக்கு அதன் பிறகு ஒன்றும் தங்கவில்லை. முதல் முறை கிளினிக்குக்குப் போக வேண்டிய அன்று கணவருக்கு ஷிப்ட். அவள்தான் காரை எடுத்தாள்.

கிளினிக்கில் ஒரு சின்ன வயது மலாய் மிஸ்ஸி, கர்ப்பிணிகளுக்குத் தரும் இளஞ்சிவப்புப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

“ஆனாக் பெர்த்தாமா, காக்?”

முதல் பிள்ளையா அக்கா என்கிறார். வீட்டில் பிள்ளை இல்லை. தாளில் பெயர் இல்லை. பின்னால் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். கூச்சத்தில் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டேன்.

“புக்கான், மிஸ்ஸி. நொம்போர் டுவா,” என்றாள் ஓரகத்தி, என் தோளுக்குப் பின்னாலிருந்து. இல்லை, இது இரண்டாவது.

பிறகு மலாயிலேயே எல்லாம் சொன்னாள். முதலில் பெண், ஒன்பது மாதம், மூச்சு இல்லாமல் பிறந்தாள், எடை இவ்வளவு. பெயரையும் சொன்னாள். பெயரை எழுத இடம் இல்லை என்று மிஸ்ஸி தன்மையாகத்தான் சொன்னார். என்னைத்தான் கண்டித்தார். இதை மறைத்தால் எப்படி, டாக்டர் உங்களைத் தனியாகப் பார்க்க வேண்டுமே என்றார். எழுதியதை அடித்துவிட்டு இரண்டு என்று போட்டார். அந்த இரண்டாவது பிள்ளை இப்போது இடைநிலைப்பள்ளிக்குப் போகிறான்.

காரில் ஏறிய பிறகு கேட்டேன்.

“பேரு உனக்கு எப்படித் தெரியும்?”

“மண்ணு போடறப்ப உங்க வீட்டுக்காரரு பேரு சொல்லிக் கூப்பிட்டாராம். என் வீட்டுக்காரரு வந்து சொன்னாரு.” சாவியைத் திருகினாள். “உங்க பொண்ணு பேரும் நீளந்தான் அக்கா.”

என் மகளின் பெயரை வெளியாள் ஒருவரிடம் முதன்முதலில் சொன்னது அவள் வாய், என் வாய் இல்லை. வீடு வரும்வரை அதற்கும் பொறாமைப்பட்டுக்கொண்டே வந்தேன். இதோ, இங்கேகூட அந்தப் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. அவளைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவாள்.