தலைப்பாகைக்கு அடியில் இருந்தவள்

எங்கள் குலக்கோயிலில் பலகையில் எழுதிய பழைய அம்மன் படம் ஒன்று உண்டு. அம்மனுக்கு எட்டுக் கை. சட்டத்தில் ஆணி பதினான்கு, அதில் இரண்டு துரு. காலடியில் சிவப்புத் தலைப்பாகைக்காரர் ஒருவர் கும்பிட்டு நிற்பார். படத்தைக் கொடுத்த எங்கள் முப்பாட்டன் அவர், அதனால் முதல் மரியாதை எங்களுக்கு என்று பங்காளிகள் சொல்வார்கள். கோயில் பாத்திரம் விளக்கும் அம்மாள், அதைக் கொடுத்தது கூலிக்குப் போன தங்கள் தெருப் பெண் என்றாள். இந்த அம்மாள் கேட்டது ஒன்றுதான்: பொங்கலன்று தங்கள் தெருப் பெண்களும் உள்ளே நின்று விளக்கேற்ற வேண்டும்.

"எக்ஸ்ரே எடுத்துப் போடலாம். அப்பாரு எலும்போட வந்து சாட்சி சொல்லட்டும்" என்றார் பெரிய பங்காளி. படத்துக்குள் எலும்பு தெரியும் என்று மனதார நம்பினார். நாமக்கல்லிலிருந்து மாட்டு டாக்டர், மாட்டுக்கு எக்ஸ்ரே எடுக்கும் கைக்கருவியோடு வந்தார்.

"பழைய பெயிண்டுல ஈயம் இருக்குங்க, அது வெள்ளையாத் தெரியும். மேல அடிச்ச எனாமலு அவ்வளவா தெரியாதுங்க" என்றார் டாக்டர்.

லேப்டாப்பின் முன் பதினோரு தலைகள் குனிந்தன. தலைப்பாகையும் இல்லை, மீசையும் இல்லை. கொண்டை போட்ட ஒரு பெண், இடுப்பில் செருகிய கதிர் அரிவாளோடு கும்பிட்டு நின்றாள். இடக்கையில் ஐந்து வளையல், வலக்கையில் நான்கு.

"இது மாட்டு மிசினுங்க. சாமி படத்துக்கெல்லாம் ஒத்து வராது" என்றார் பெரிய பங்காளி.

வாசலுக்கு வெளியே நின்ற அந்த அம்மாள் சொன்னாள்: "மாட்டு மிசினுக்காச்சும் எங்காளைத் தெரிஞ்சுதே சாமி."

படம் மங்கிவிட்டது என்று கூடிப் பேசி, லாரிக்குப் பெயிண்ட் அடிப்பவரைக் கூட்டி வந்தார்கள். பெரிய பங்காளி எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தலைப்பாகைக்குக் கீழே அவருடைய முகமே வந்தது. மூக்கின் மரு உட்பட. வெட்கமே இல்லை.

பொங்கலன்று அந்த அம்மாள் ஏழு பெண்களோடு விளக்கேந்தி வந்தாள். பெரிய பங்காளி முதல் மரியாதை மாலையோடு வழியை மறித்தார். "படத்தைப் பாரும்மா. யாரு நிக்கறா?"

எட்டிப் பார்த்தாள். "நீங்கதானுங்க. நல்லா நில்லுங்க. பாத்திரத்தையும் இனி நீங்களே வெளக்கிக்கோங்க."

எட்டு விளக்குகளும் திரும்பிப் போயின. தட்டு என்னிடம் வந்தது. எனாமல் நாற்றம் அடித்தது. திருநீறு எடுக்காமல் வெளியே வந்துவிட்டேன். உள்ளே கழுவாத அண்டாக்கள் ஒன்பது கிடந்தன.