திரை அணைந்த மடிக்கணினி

தமிழ், வரலாறு, மானுடவியல் ஆய்வாளர்களுக்கென்று எங்கள் பல்கலைக்கழகம் ஒரு பெரிய கணினி வாங்கியது. அதை நிறுவிப் பராமரிப்பது என் வேலை. பழைய காகிதங்களைப் படமெடுத்து இணையம் வழியாக அனுப்பினால் அது எழுத்தாக்கித் தரும். முதலில் யாரும் சீந்தவில்லை. பிறகு வரிசையில் இடம் கிடைக்காமல் சண்டை வந்தது. பார்த்தால், முக்கால்வாசி நேரத்தை ஒரே ஒருவர் எடுத்துக்கொண்டிருந்தார்.

அவர் கல்லூரி வேலையை விட்டுவிட்டு ஆய்வுக்கு வந்த பெண்மணி. கல்வராயன் மலையில் முன்பு நிலம் யார் யார் கையில் இருந்தது என்பது அவர் ஆய்வு. ஒரே நீதிமன்றக் காகிதத்தை ஏன் திரும்பத் திரும்ப அனுப்புகிறார் என்று எங்களுக்குப் புரியவில்லை. போனில் கேட்டால், "நான்தான் போடுறேன் தம்பி" என்று வைத்துவிட்டார். யாரோ அவருடைய கடவுச்சொல்லைத் திருடிவிட்டார்கள் என்று துறைத்தலைவர் சந்தேகப்பட்டார். எனக்குச் சொந்த ஊர் கள்ளக்குறிச்சி என்பதால், ஊருக்குப் போகும்போது நேரில் விசாரித்து வரச் சொன்னார்.

டவுன் பஸ் பிடித்து அவர் ஊரான கச்சிராயபாளையம் போனேன். கரும்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டுச் சேற்றுக் காலோடு வந்த அவருடைய கணவர், "இன்னா விசயங்க?" என்றார். சொன்னேன். "உள்ளதான் வேல செஞ்சிக்கினு இருக்குது, போங்க" என்றார்.

ஜன்னல் சாத்திய அறை. விளக்கு போடவில்லை. அவர் மடிக்கணினியில் வேகவேகமாகத் தட்டிக்கொண்டிருந்தார். திரை கறுப்பாக இருந்தது. அதிலிருந்து ஒரு குரல் கடகடவென்று எதையோ ஒப்பித்தது. தமிழ்தான் என்று பிடிபடவே எனக்குச் சற்று நேரமாயிற்று.

"மேடம், ஸ்கிரீன் ஆஃப்ல இருக்கு."

கை நின்றது. என் பக்கம் திரும்பினார். ஆனால் அவர் பார்வை என் தோளைத் தாண்டிச் சுவரில் போய் நின்றது.

"எனக்கு அது எதுக்கு தம்பி?"

நான் நடத்திய பயிற்சி வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து, கட்டளைகளை வாய்விட்டுச் சொல்லச் சொன்னவர் இவர். நேரே என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அன்று நினைத்திருந்தேன்.

"சக்கரை. மொதல்ல ஒரு கண்ணு, அப்புறம் இன்னொண்ணு" என்றார். "நஞ்சைன்னு இருக்கிறத உங்க மெஷின் கஞ்சைன்னு படிக்குது. காகிதத்தப் பாத்துத் திருத்த என்னால முடியாது. அதே காகிதத்த மாத்தி மாத்திப் போட்டு, எல்லாத்தயும் கேட்டு ஒப்பிட்டாத்தான் எது நெசம்னு தெரியும்."

"யார்கிட்டயும் ஏன் சொல்லல?"

"சொன்னா, வேற யாரோ எழுதித் தர்றாங்கன்னு பேசுவாங்க."

வாசலில் நின்ற கணவர் சட்டென்று உள்ளே வந்தார். "சொல்லிடுங்க சார். என்னால மறைக்க முடியல. மல மேல இவளக் கூட்டிக்கினு போயி, பாக்குறவங்க மாரியே நிக்க வெச்சிக்கினு, ரொம்பக் கஷ்டமாக்கீது."

அந்த அம்மா மடிக்கணினியை மெல்ல மூடினார். பிறகு, "சரி, சொல்லு" என்றார்.

திங்கட்கிழமை கூட்டத்தில் சொன்னேன். அவருடைய நெறியாளரே நம்ப மறுத்தார். "போன மாசம் என் எதிர்ல உக்காந்து ஒரு மணி நேரம் வாதாடினாங்களேய்யா!" என்று எழுந்தே விட்டார்.

பிறகு, சந்தேகமான எழுத்து வருகிற இடத்தில் கணினி ஒரு சின்ன ஒலி எழுப்பும்படி மாற்றினேன். அந்தச் சொற்களை மட்டும் சக ஆய்வாளர்கள் காகிதத்தைப் பார்த்துப் போனில் படித்துக் காட்டினார்கள். வரிசை குறைந்தது. ஆய்வேட்டைச் சமர்ப்பித்த அன்று அவர் என்னைக் கூப்பிட்டு, அச்சடித்த பிரதியை என் கையில் கொடுத்தார்.

"எழுத்துல்லாம் தெளிவா விழுந்திருக்கா, பாத்துச் சொல்லு" என்றார்.

பக்கம் பக்கமாகப் புரட்டினேன். "நல்லா இருக்கு மேடம்" என்று சொல்லி, முதல் பக்கத்திலிருந்து அவருக்கு வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினேன்.