நூற்றுப் பதினேழு அர்த்தங்களின் சொந்தக்காரர்

ஸ்டான்லி சாருக்கு மனைவி மேல் பொறாமை. அவள் அழகின் மீதோ சம்பாத்தியத்தின் மீதோ அல்ல, அவள் பேசும் ஆங்கிலத்தின் மீது. அந்த ஆங்கிலத்தில் மொத்தமே ஒரு வினைச்சொல்தான் இருந்தது என்பது அவருடைய வேதனையை இன்னும் அதிகமாக்கியது.

அந்தச் சொல் 'புட்'. ஜெபா எட்டாம் வகுப்போடு நின்றவள். மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் போகும் ஒத்தவாடைத் தெருவில் தையல் கடை வைத்திருக்கிறாள். வெளிநாட்டுக்காரர்கள் துணியைக் கொடுத்துவிட்டு, மூன்றாம் நாள் பாண்டிச்சேரி பஸ் பிடிப்பதற்குள் அதைப் பேன்ட்டாகவோ கவுனாகவோ வாங்கிக்கொண்டு போவார்கள். "மேடம், பாக்கெட் புட்? ஒன் சைடு புட், டூ சைடு புட்?" என்பாள் ஜெபா. தைத்து முடித்ததும் மூலையில் தொங்கும் திரையைக் காட்டி, "யூ புட். டைட்? நோ டைட்?" டீ வந்தால், "சுகர் புட்?" வியர்த்தால், "ஃபேன் புட்?" பக்கத்துக் கடைக்காரரைப் பற்றி ஒருமுறை, "தட் மேன் டெய்லி ஃபைட் புட்டிங்" என்று ஒரு ஜெர்மானியரிடம் முறையிட, அவரும் தலையை ஆட்டி வருத்தப்பட்டார். நாம் சட்டை போடுகிறோம், டீ போடுகிறோம், ஃபேன் போடுகிறோம், சண்டையும் போடுகிறோம். அத்தனையையும் ஜெபா ஒரே மூட்டையாகக் கட்டி ஆங்கிலத்தில் இறக்கிவிட்டிருந்தாள்.

ஸ்டான்லி சாரிடம் அதே சொல்லுக்கு நூற்றுப் பதினேழு அர்த்தங்கள் இருந்தன.

அவர் செய்யூர்ப் பக்கத்தில் சவுக்கு வெட்டப் போன கூலிக்காரரின் மகன். தெருவிலேயே முதல் பட்டதாரி. கல்லூரியில் முதல் வருஷம் ஒரு பேராசிரியர், 'புட்' என்ற சொல்லை எத்தனை விதமாகப் பயன்படுத்தலாம் என்று கேட்டார். ஸ்டான்லி எழுந்து இரண்டு சொன்னார். "உங்க ஊர்ல அதுக்கு மேல தேவைப்படல போல" என்றார் பேராசிரியர். வகுப்பு சிரித்தது. அன்று சாயங்காலம் ஒரு நீள நோட்டு வாங்கியவர் முப்பது வருஷமாக மூடவில்லை. நெருப்பை அணைக்க ஒன்று, வேலையைத் தள்ளிவைக்க ஒன்று, ஒருவரை மட்டம் தட்ட ஒன்று, ஒருவரைச் சகித்துக்கொள்ள ஒன்று. கடைசி இரண்டும் வீட்டில் அன்றாடம் நடந்தன, ஆனால் தமிழில்.

இப்போது மதுராந்தகம் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியர். போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். நூற்றுப் பதினேழில் நாலைத் தவிர வேறெதையும் அவரிடம் யாரும் இதுவரை கேட்டதில்லை. கேட்கக்கூடியவர்கள் மனைவியின் கடைக்குத்தான் வந்தார்கள். சனிக்கிழமைகளில் அவரும் அங்கே போய் உட்கார்ந்து, பிழையில்லாத வாக்கியத்தில் வரவேற்பார். அவர்கள் மரியாதையாகப் புன்னகைப்பார்கள். பிறகு திரும்பி ஜெபாவிடம் பேசுவார்கள்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, வியாபாரிகள் சங்கச் செயலாளர் பூபாலன் கடைக்கு வந்தார். கல் பொம்மை விற்பவர்.

"சார், பதினெட்டாந் தேதி மண்டபத்துல கூட்டம் போடறோம். ஃபாரின்காரங்ககிட்ட எப்டி பேசறதுன்னு நம்ம கடைக்காரங்களுக்குச் சொல்லித்தரணும்."

"எத்தினி மணிக்கு வரணும்?" என்றார் ஸ்டான்லி சார். பேச்சின் முதல் வரி அதற்குள் மனசில் தயாராகிவிட்டது.

"நீங்களும் வாங்க சார், தாராளமா வாங்க. பேசறது அக்கா."

"எந்த அக்கா?"

"இன்னா சார், எந்த அக்காவா? நம்ம ஜெபாக்கா! போன வருசம் படூர்லேர்ந்து படிச்சவர் ஒர்த்தர இட்டாந்தோம். பேஜாராப் பூட்சு. பாதிப் பேரு தூங்கிட்டான்."

ஜெபா வாயில் கடித்திருந்த குண்டூசிகளை எடுத்தாள். "அய்ய, நானா? மைக்குல நான் எத்தப் பேசறது?" என்றாள். ஆனால் முகம் அதற்கு முன்பே ஒப்புக்கொண்டுவிட்டது.

"நான் தயார் பண்றேன்" என்றார் ஸ்டான்லி சார்.

பொறாமை தன் சொந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்திருந்தால் அவர் வாசலிலேயே துரத்தியிருப்பார். நல்ல மனிதர். அது உதவி என்ற பெயரில் வந்ததால் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

அன்று முதல் தினமும் பாடம்.

"ஃபேனுக்கு 'புட்' வரவே வராது. டீல சர்க்கரைக்கு வரலாம். துணி போட்டுக்கறதுக்கு 'ஆன்' சேக்கணும். சேக்காம சொன்னா இன்னா அர்த்தம் தெரியுமா?"

"இன்னா?"

"அர்த்தமே இல்ல."

"அர்த்தமே இல்லாமத்தான் பதினோரு வருசமாக் கடை ஓடிகினு இருக்குதா, வாத்தியாரே?"

"அது அவங்க பெருந்தன்மை ஜெபா. வெளிய போய்ச் சிரிப்பாங்க."

நூற்றுப் பதினேழு அர்த்தங்களும் செய்யாத வேலையை அந்த ஒரு வாக்கியம் செய்தது. மறுநாள் ஓர் இத்தாலிக்காரப் பெண் வந்தபோது ஜெபா, "பாக்கெட்..." என்று தொடங்கி, அந்தப் பெண்ணின் உதட்டோரத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அதற்கடுத்த நாள் தொடங்கவே இல்லை. அளவு டேப்பைக் காட்டுவாள், விரலை மடக்குவாள். "இன்னாக்கா, ஊமையாட்டம் ஆயிட்டே?" என்று கேட்டாள் இன்னொரு மெஷினில் உட்காரும் தமிழ்ச்செல்வி. ஜெபா மெஷினை வேகமாக மிதித்தாள்.

அடுத்த சனிக்கிழமை நெதர்லாந்துக்காரம்மா வந்தார். எட்டு வருஷமாக ஒவ்வொரு சீசனுக்கும் வருகிறவர். வாசலிலிருந்தே "ஜெபா!" என்று கூவிக்கொண்டு வந்து கட்டிப்பிடித்தார். ஜெபா வாயைத் திறந்தாள், கணவரைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். ஸ்டான்லி சார் எழுந்து, பயணம் சௌகரியமாக இருந்ததா என்று குறையில்லாத ஆங்கிலத்தில் விசாரித்தார். அந்த அம்மா பதில் சொல்லிவிட்டு மறுபடி ஜெபாவையே பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, தணிந்த குரலில் அவரிடம் ஒன்று கேட்டார்.

"இன்னா கேக்கறாங்க?" என்றாள் ஜெபா.

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வெள்ளைக்காரம்மா ஸ்டான்லி சாரிடம் உதவி கேட்டிருக்கிறார். சந்தோஷப்பட வேண்டிய நேரம். "உனக்கு அவங்க மேல கோவமான்னு கேக்கறாங்க" என்றார்.

ஜெபா இல்லை என்று தலையாட்டினாள். கண் கலங்கியிருந்ததால் அது ஆமாம் என்பது போலத் தெரிந்தது. அந்த அம்மா பையிலிருந்து பாதி எடுத்த துணியைத் திரும்ப வைத்துக்கொண்டு போனார்.

"பழைய மாதிரியே பேசிடு ஜெபா" என்றார் அன்று சாயங்காலம் கடையைப் பூட்டும்போது.

"எங்கேர்ந்து பேசறது? வாயத் தொறந்தா எதிர்ல உம் மூஞ்சி வந்து நிக்கிது. தப்பு, தப்புன்னு. நீ சொல்லிக்குடுத்தத எங்கனா திருப்பிக் குடுக்கலாம்னா சொல்லு, இப்பவே குடுத்துட்றேன்."

கூட்டம் பாழாகப் போகிறது என்று அவருக்குத் தெரிந்தது. மனசுக்குள் எங்கோ கடுகளவு நிம்மதியும் தெரிந்தது. அந்த நிம்மதியைக் கண்டு அவரே வெட்கப்பட்டார். வெட்கப்பட்டதால் அது போய்விடவில்லை. ஜெபா பூபாலனிடம் வரவில்லை என்று சொல்லிப் பார்த்தாள். "பேனர் அடிச்சாச்சுக்கா" என்று முடித்துவிட்டார் அவர்.

பதினெட்டாம் தேதி மண்டபம் நிறைந்திருந்தது. சங்கு விற்கிறவர்கள், லாட்ஜ்காரர்கள், ஆட்டோக்காரர்கள். முதல் வரிசையில், தேய்த்த சட்டையில் ஸ்டான்லி சார். மேடையில் ஒரு மேசை, அதன் மேல் ஒரு துணி. ஜெபா எப்படி வியாபாரம் பேசுகிறாள் என்று நேரில் காட்டுவதற்கு, விஷயம் தெரியாத பூபாலன் அவளுடைய பழைய வாடிக்கையாளரையே அழைத்து வந்திருந்தார். நெதர்லாந்துக்காரம்மா மேசைக்கு அந்தப் பக்கம் தயங்கி நின்றார்.

ஜெபா மைக்கை வாங்கினாள். முதல் வரிசையைப் பார்த்தாள். அப்படியே நின்றாள்.

"பேசுக்கா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "கரண்டு இல்லியா?" என்று இன்னொன்று. சிரிப்பு.

அப்போதுதான் ஸ்டான்லி சார் தன் உதடுகள் அசைவதைக் கவனித்தார். அவள் சொல்ல வேண்டிய சரியான வாக்கியத்தை அவர் சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார். ஜெபா அந்த உதடுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மூடினார். அவள் பார்வை விலகவில்லை. மூடிய வாயிலும் அவளுக்குத் தப்புதான் தெரிந்தது போல.

அவர் எழுந்தார். முழங்கால்களை இடித்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மண்டபத்தைவிட்டு வெளியே வந்துவிட்டார். இதைத் தியாகம் என்று சொல்ல முடியாது. அவள் பேசி ஜெயிப்பதை உட்கார்ந்து பார்க்கவும் அவருக்குப் பிடிக்கவில்லை. காரணம் இரண்டானாலும் கதவு ஒன்றுதான்.

வாசலில் செருப்புகளுக்கு நடுவே நின்றார். ஸ்பீக்கரில் கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் வந்தது. பிறகு ஜெபாவின் குரல்.

"மேடம். மீ நோ ஆங்க்ரி. மை மவுத்... லாக் புட்."

"லாக்?" என்றது அந்த அம்மாவின் குரல். உடனே, பாதிச் சிரிப்போடு, "ஹூ புட்?"

"மை ஹஸ்பெண்ட் புட்!"

மண்டபம் அதிர்ந்தது. யாரோ விசில் அடித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் ஜெபா, "ஓகே மேடம், நவ் பாக்கெட் புட்? ஒன் சைடு?" என்று போய்க்கொண்டே இருந்தாள். அந்த அம்மாவும், "டூ சைடு புட், ஜெபா!" என்று அவளுடைய ஆங்கிலத்திலேயே கத்தினார்.

வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்த செக்யூரிட்டி கேட்டார். "உள்ள யாரு சார் பேசறது?"

"என் வூட்டுக்காரம்மா."

"இங்கிலீசு சூப்பரா வருதே. யாரு சார் சொல்லிக்குடுத்தது?"

"நான்தான்" என்றார் ஸ்டான்லி சார்.

"அப்ப நீங்க ஏன் சார் வெளிய நிக்கிறீங்க?"

உள்ளே கைதட்டினார்கள். ஸ்டான்லி சாரும் தட்டினார், கொஞ்சம் தாமதமாக.