வரைபடத்தில் பச்சையாக இருந்த நிலம்

நேற்று மகளுக்குக் கலர் பென்சில் சீவிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சீவலின் மர வாசனை மூக்கில் ஏறியதும், பெரிய காஞ்சிபுரத்தில் நான் முதன்முதலாக வேலை பார்த்த வரைபடக் கடை ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

நில வரைபடங்களுக்குக் கலர் அடிப்பது என் வேலை. படம் வரையவே வராதவனுக்கு அந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று கேட்காதீர்கள். கோட்டைத் தாண்டாமல் அடித்தால் போதும் என்றார் முதலாளி. அதுவே எனக்குப் பெரும்பாடு. எந்த நிலம் எதற்கு என்று அரசு திட்டம் போட்டிருந்த சமயம். வீடு கட்ட மஞ்சள், விவசாயத்துக்குப் பச்சை. ஆட்சேபம் இருந்தால் எழுதிக்கொடுக்கக் கெடுவும் வைத்திருந்தார்கள்.

ஏனாத்தூரில் ஒரு ஏக்கரில் கீரை போட்டிருந்த ஏழுமலை அண்ணன், மார்க்கெட்டுக்கு வந்த கையோடு கடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"என் நெலம் என்னா கலருபா?"

"பச்சைண்ணா."

"அப்போ யாரும் கை வைக்க மாட்டாங்க."

சந்தோஷத்தில் மறுநாள் ஒரு கட்டுச் சிறுகீரை கொண்டுவந்தார். வேர் மண்ணை வாசற்படியில் தட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தார். அப்படியும் கொஞ்சம் மேஜைமேல் விரித்திருந்த வரைபடத்தில் உதிர்ந்தது. "ஏனாத்தூர் மண்ண ஏனாத்தூர் மேலயே கொட்டிட்டியே" என்று முதலாளி சிரித்தார். அன்று எங்கள் வீட்டில் கீரைக் கடைசல். அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

அண்ணன் தன் நிலத்தின் கலரை மட்டும்தான் பார்த்தார். ஏரித் தண்ணீரை அவருக்குக் கொண்டுவரும் வாய்க்கால், மஞ்சள் அடித்த பக்கமாகத்தான் வந்தது. கெடு முடிந்தது. மஞ்சள் பக்கம் மனைக்கல் நட்டார்கள், வாய்க்காலை மூடிச் சாலை போட்டார்கள். அங்கே சென்ட் விலை ஏறிக்கொண்டே போனது. இவருக்குத் தண்ணீரும் வரவில்லை, பச்சை என்பதால் நிலத்தை வாங்க ஆளும் வரவில்லை. கடைசியில் கட்சிக் கரைவேட்டிக்காரர் ஒருவர் கேட்ட அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டார்.

அடுத்த மழைக்காலத்துக்குள் திருத்திய வரைபடம் எங்களிடம் வந்தது. அந்த ஒரு ஏக்கரும் மஞ்சள்.

கேள்விப்பட்டு வந்த ஏழுமலை அண்ணன் வரைபடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "தண்ணி வரும், தண்ணி வரும்னு பாத்துக்கினே இருந்தேன்பா. அதே மண்ணுதானே? எங்கிட்ட இருந்த வரிக்கும் பச்சை, அவரு கைக்குப் போனதும் மஞ்சளா?"

முதலாளி டீ வாங்கிவரச் சொன்னார்.

அந்தக் கடை இப்போது இல்லை. கலரெல்லாம் கம்ப்யூட்டரே அடித்துவிடுகிறது. ஏனாத்தூர் வழியாகப் பஸ்ஸில் போனால் எது அண்ணனுடைய நிலம் என்றே எனக்குத் தெரிவதில்லை. எங்கும் மாடி வீடுகள்.

போன மாதம் மார்க்கெட்டில் அவரைப் பார்த்தேன். சிறுகீரை வாங்கிக்கொண்டிருந்தார். கட்டு கைக்கு வந்ததும் பழக்கத்தில் வேரைக் கடைப் படியில் தட்டினார்.

"கழுவிட்டுத்தான் எடுத்தாரோம், மண்ணு இருக்காது தாத்தா" என்றாள் கடைக்காரப் பெண்.

அவர் இன்னொரு முறை தட்டிப் பார்த்தார்.